வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் மின்தடையும் மின்திறனும் கணக்கிடுவது எப்படி: பேட்டரியிலிருந்து வீட்டு சாக்கெட் வரை

அக்கா மகள் இங்கே மலேசியாவில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள், இந்த வருஷம் எஸ்பிஎம் தேர்வு. போன மாதம் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இயற்பியல் பயிற்சிப் புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "மாமா, மல்ட்டிமீட்டர்லயே ஓம் காட்டுது, அப்புறம் எதுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியா அளந்து வகுக்கச் சொல்றாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருபது வருஷமாக ஒயரிங் வேலை செய்கிற எனக்கு அதற்குப் பதில் தெரியும், ஆனால் அதை முழுசாகச் சொல்லி முடிக்க அன்றைக்கு சாயந்தரம் முழுக்க ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இது: மீட்டரின் ஓம் ரேஞ்ச் ஒரு பொருள் சும்மா கிடக்கும்போது அதன் தடை எவ்வளவு என்று காட்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது, அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போது உள்ள தடை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அலமாரியில் ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு இருந்தது, அதை எடுத்து ஓம் ரேஞ்சில் வைத்துக் காட்டினேன்: 65 ஓம். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓடி, 800 வாட்டுக்கு மேல் எரிய வேண்டும். ஆனால் பல்பு 60 வாட் தான், ஓடுவது 0.26 ஆம்பியர் தான், 230-ஐ 0.26-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 885 ஓம். உள்ளே இருக்கிற டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காயும்போது தடை பதின்மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. குளிர்ந்த பல்பை அளந்து எரிகிற பல்பைப் பற்றிச் சொல்ல முடியாது.

முதலில் வார்த்தைகள்

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது, இந்தப் பாடம் வருவது இடைநிலைப் பள்ளியில். அங்கே மலாய் மொழியில் மின்னழுத்தம் வோல்தான் ஆகிவிடும், மின்னோட்டம் ஆருஸ், மின்தடை ரிந்தாங்கான், மின்திறன் குவாசா. வேலைக்குப் போனால் மறுபடியும் எல்லாம் ஆங்கிலத்தில். நான் வீட்டில் தண்ணீர்க் குழாயை வைத்துச் சொல்வேன். மேலே உள்ள தொட்டியின் உயரம் தருகிற அழுத்தம் மின்னழுத்தம், அலகு வோல்ட். குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது மின்னோட்டம், அலகு ஆம்பியர். குழாய் எவ்வளவு குறுகல் என்பது மின்தடை, அலகு ஓம். அந்தத் தண்ணீர் கீழே வந்து ஒரு நொடியில் செய்கிற வேலை மின்திறன், அலகு வாட். உவமை ஓரளவுக்குத்தான் கூட வரும், ஆனால் தொடங்குவதற்குப் போதும்.

இரண்டு கணக்கு, அவ்வளவுதான்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

அளந்த அதே இரண்டு எண்களை வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இந்த இரண்டையும் ஒன்றில் ஒன்று பொருத்தினால் இன்னும் இரண்டு கிடைக்கும், அவைதான் வேலையில் அதிகம் பயன்படுபவை:

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

முதலாவதை ஒயர், சாக்கெட், இணைப்பு போன்ற, கரண்ட் கடந்து போகிற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கெட்டில், ஹீட்டர் போன்ற, சப்ளையில் நேராக மாட்டுகிற பொருள்களுக்கு. மாணவர்கள் இங்கே அதிகம் தவறுவது ஓர் இடத்தில்: வோல்ட்டைப் பாதியாக்கினால் வாட்டும் பாதியாகும் என்று எழுதிவிடுகிறார்கள். தடை மாறாமல் இருந்தால் வாட் கால்பங்காகும், ஏனென்றால் வோல்ட் குறையும்போது கரண்ட்டும் சேர்ந்து குறைகிறது.

இன்னொன்று, அலகு. மீட்டர் 6.18 வோல்ட், 28 மில்லிஆம்பியர் என்று காட்டினால் ஆம்பியரைக் கணக்கில் 0.028 என்று போட வேண்டும். 28 என்றே போட்டு 0.22 ஓம் என்று விடை எழுதிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 1: பேட்டரியில் கை பழகுங்கள்

வீட்டு சாக்கெட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். நான்கு ஏஏ பேட்டரி போடுகிற ஒரு ஹோல்டர், 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று (சிவப்பு, சிவப்பு, பழுப்பு, கடைசியில் தங்கக் கோடு), ஒரு மல்ட்டிமீட்டர், இது போதும்.

ரெசிஸ்டரைப் பேட்டரியில் மாட்டிவிட்டு அதன் இரண்டு காலிலும் மீட்டரை வைத்து வோல்ட் அளக்க வேண்டும். மாட்டிய பிறகுதான் அளக்க வேண்டும், வெறும் பேட்டரியை அல்ல. எங்களுக்கு வந்தது 6.18 வோல்ட். அப்புறம் சர்க்யூட்டை ஓரிடத்தில் பிரித்து, மீட்டரின் சிவப்பு ஒயரை மில்லிஆம்பியர் துளைக்கு மாற்றி, கரண்ட் மீட்டர் வழியாகவே ஓடும்படி மாட்ட வேண்டும். வந்தது 28 மில்லிஆம்பியர். 6.18-ஐ 0.028-ஆல் வகுத்தால் 221 ஓம். தங்கக் கோட்டுக்கு 5 விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்று அர்த்தம், அதாவது 209-க்கும் 231-க்கும் நடுவில், சரியாக உள்ளே வந்துவிட்டது. பெருக்கினால் 0.173 வாட். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

இப்போது அதை எடுத்துவிட்டு 100 ஓம் போடுங்கள். 6.1 வோல்ட், 61 மில்லிஆம்பியர், பெருக்கினால் 0.37 வாட். கால் வாட் பொருளில் அதைவிட ஒன்றரை மடங்கு. விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தவள் உடனே கையை எடுத்துவிட்டாள். வாட் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்று கவனித்தீர்களா, 220 ஓம் மாட்டியபோது 6.18 இருந்த வோல்ட், 100 ஓம் மாட்டியதும் 6.1 ஆகிவிட்டது. பேட்டரிக்குள்ளேயே கொஞ்சம் தடை இருக்கிறது, கரண்ட் கூடும்போது உள்ளேயே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். ஐந்தாம் படிவத்தில் ரிந்தாங்கான் டாலாம் என்று தனியாகப் படிக்கிறார்களே, அது இதுதான். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் இணைக்கிற இந்த விதியைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் கேயோர்க் ஓமையே இது படுத்தியிருக்கிறது. அவர் காலத்துப் பேட்டரி அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போகும், கணக்கு ஒத்து வராது. கடைசியில் அவர் பேட்டரியை விட்டுவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த ஓர் இணைப்பின் ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் இன்னொரு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் வரும் நிலையான சின்ன வோல்ட்டை வைத்து அளந்தார். 1827-இல் புத்தகமாக வந்தது. எனக்கு இதில் பிடித்தது அவருடைய பொறுமை. நமக்கு இதிலிருந்து வேலைக்கான ஒரு பாடம்: வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில், லோடு ஓடும்போது அளக்க வேண்டும். காலையில் அளந்த வோல்ட்டை சாயந்தரம் அளந்த ஆம்பியரால் வகுக்கக் கூடாது.

படி 2: வீட்டு சப்ளைக்குப் போகும் முன்

மில்லிஆம்பியர் துளையில் ஒயரை வைத்துக்கொண்டே மறந்துபோய் வோல்ட் அளக்கிறேன் என்று சாக்கெட்டில் வைப்பதுதான் மல்ட்டிமீட்டர் வைத்திருக்கிறவர்கள் செய்கிற மிக ஆபத்தான தவறு. அந்தத் துளைக்குள் தடை கிட்டத்தட்ட இல்லை, அதனால் அது ஷார்ட் சர்க்யூட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். நம் ஊர் மூன்று முள் சாக்கெட்டில் மூடி வேறு இருக்கிறது, அதை ஸ்குரூடிரைவர் விட்டுத் திறந்து குத்திப் பார்க்கிற பழக்கம் பல பேருக்கு. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில் செய்வதற்கு, சாக்கெட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் மாட்டுகிற பிளக் வகை வாட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் திரையில் காட்டும், எந்த ஒயரையும் தொட வேண்டியதில்லை. கிளாம்ப் மீட்டர் வைத்திருந்தால் ஒரே ஓர் ஒயரைத்தான் அதன் வாய்க்குள் விட வேண்டும். முழு கேபிளையும் விட்டால், போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். சுவருக்குள் இருக்கிற ஒயரிங், மெயின் பாக்ஸ் எல்லாம் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த ஒயர்மேன் கை வைக்க வேண்டிய இடம்.

படி 3: கெட்டில்

கெட்டிலின் அடியில் பாருங்கள். எங்களுடையதில் 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்று இருக்கிறது. இரண்டு வாட் எண் போட்டிருக்கிறதே, எது உண்மை என்று பல பேர் குழம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 220 × 220 ÷ 1850, வருவது 26.2 ஓம். 240 × 240 ÷ 2200, அதுவும் 26.2 ஓம். உள்ளே இருக்கிறது ஒரே காயில் (சூடேறும் கம்பிச் சுருள்), ஒரே தடை, வோல்ட் மாறினால் வாட் மாறுகிறது, அதைத்தான் இரண்டு எண்ணாக அச்சடித்திருக்கிறார்கள். லேபிளில் எழுதாத ஓம் லேபிளிலேயே ஒளிந்திருக்கிறது.

நம் நாட்டு சப்ளை முன்பு 240 வோல்ட், 2008-இலிருந்து 230 வோல்ட் என்று வைத்திருக்கிறார்கள். 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம், அதாவது 216-இலிருந்து 253 வரை எது வந்தாலும் கணக்கில் சரிதான். அதனால் 230 என்று எடுத்துக்கொண்டு போடுகிற கணக்கு ஓர் உத்தேசம், உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் என்ன என்று அளந்துதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்தது 235 வோல்ட், 9.0 ஆம்பியர். வகுத்தால் 26.1 ஓம், பெருக்கினால் 2115 வாட். லேபிளோடு அழகாக ஒத்துப்போகிறது.

இதே கணக்கு ஜப்பானுக்குச் சுற்றுலா போய் ரைஸ் குக்கர் வாங்கி வருகிறவர்களுக்கும் தேவை. அங்கே சப்ளை 100 வோல்ட். 600 வாட் குக்கர் என்றால் 100 × 100 ÷ 600, கிட்டத்தட்ட 16.7 ஓம். அதை இங்கே 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் 13.8 ஆம்பியர், ஏறக்குறைய 3170 வாட், அதற்கென்று செய்ததைவிட ஐந்து மடங்குக்கும் மேல். நம் பிளக்கில் உள்ள ஃபியூஸ் 13 ஆம்பியர், ஆனால் 13.8 ஓடியதும் அது பட்டென்று போகாது, ஃபியூஸ் போவதற்குள் குக்கர் போய்விடும்.

குளியலறை இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு ஏன் தனி 20 ஆம்பியர் சுவிட்ச் என்பதும் இதே கணக்குதான்: 240 வோல்ட்டில் 3.6 கிலோவாட் என்றால் 15 ஆம்பியர், 13 ஆம்பியர் பிளக்கில் அடங்காது.

படி 4: ஃபேனில் இந்தக் கணக்கு அப்படியே போகாது

கெட்டில், அயர்ன்பாக்ஸ், ஹீட்டர், குண்டு பல்பு இவை எல்லாம் வெறும் தடை. மோட்டார் இருக்கிற ஃபேன், பிரிட்ஜ், ஏர்கான் அப்படியல்ல. எங்கள் மேசை ஃபேனில் 235 வோல்ட், 0.24 ஆம்பியர் வந்தது, பெருக்கினால் 56. ஆனால் வாட் மீட்டர் காட்டியது 48 வாட். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஏசி சப்ளையில் மோட்டாரின் கரண்ட் வோல்ட்டோடு சேர்ந்து ஏறி இறங்காமல் சற்றுப் பின்தங்கி வருகிறது, அதனால் பெருக்கி வந்த முழு அளவும் வேலையாக மாறுவதில்லை. 48-ஐ 56-ஆல் வகுத்தால் வருகிற 0.86-க்குப் பவர் ஃபேக்டர் என்று பெயர். அதே மாதிரி 235-ஐ 0.24-ஆல் வகுத்து வருகிற எண் ஃபேன் காயிலின் ஓம் அல்ல, அதை மின்மறுப்பு என்பார்கள். இங்கே வாட் மீட்டரின் வாட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஓம் கணக்கை விட்டுவிடுங்கள்.

படி 5: மீட்டரே இல்லாமல் சரிபார்க்க ஒரு வழி

வாசலில் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் மாட்டிய மின்னணு மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை மினுங்கல் என்று அச்சடித்திருக்கும். 1000 என்று இருந்தால் ஒரு மினுங்கலுக்கு ஒரு வாட் மணி, அதாவது 3600 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கெட்டிலை மட்டும் போட்டு, பத்து மினுங்கலுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். எங்களுக்கு 17 நொடி. 36,000-ஐ 17-ஆல் வகுத்தால் 2118 வாட். முன்பு பெருக்கி வந்தது 2115. இரண்டு வேறு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து நின்றபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

படி 6: கண்ணுக்குத் தெரியாத தடை

இதுவரை சொன்னது பாடம். என் தொழிலில் இந்தக் கணக்கு உண்மையாகத் தேவைப்படுவது இனிமேல் வருகிற இடத்தில்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிற வழியில் தெரிந்தவர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து 40 மீட்டர் எக்ஸ்டென்ஷன் டிரம்மில் கரண்ட் எடுத்து, பந்தலில் பால் காய்ச்சவும் தண்ணீர் சூடாக்கவும் இரண்டு பாய்லர். பாதி கேபிளை மட்டும் இழுத்துவிட்டு மீதியை டிரம்மிலேயே சுற்றி வைத்துவிட்டோம், நானும் கூடத்தான் இருந்தேன். இரண்டு மணி நேரத்தில் பிளாஸ்டிக் வாடை. டிரம்மைத் தொட முடியவில்லை, உள்ளே ஒயர் உறை ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை, எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) விழவில்லை.

ஏன் என்று கணக்குப் போடுவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு மீட்டருக்கு 0.0121 ஓம். போக 40, வர 40, மொத்தம் 80 மீட்டர், 0.97 ஓம். வீட்டு சாக்கெட்டில் 232 வோல்ட், ஓடியது 12 ஆம்பியர். கேபிளில் விழுகிற வோல்ட் 12 × 0.97, அதாவது 11.6. பந்தலுக்கு வந்து சேர்ந்தது 220.4 வோல்ட் தான். வோல்ட் 5 விழுக்காடு குறைந்ததால் பாய்லரின் வாட் 10 விழுக்காடு குறைந்தது, பால் காய நேரம் ஆனதற்கு அதுதான் காரணம். கேபிள் தின்றது 11.6 × 12, சுமார் 139 வாட். அது 40 மீட்டருக்கும் பரவிக் கிடந்தால் காற்றில் போய்விடும். பாதிக் கேபிள் சுற்றி இருந்ததால் அதில் பாதி, 70 வாட், மூடிய டிரம்முக்குள் போக வழியில்லாமல் தங்கிவிட்டது. கரண்ட் 12 ஆம்பியரைத் தாண்டாததால் 13 ஆம்பியர் ஃபியூஸுக்கு இதில் எந்தத் தவறும் தெரியவில்லை. எக்ஸ்டென்ஷன் டிரம்மை எப்போதும் கடைசி வரை இழுத்துவிட வேண்டும், இந்த மாதிரி லோடுக்கு 2.5 ஒயர் எடுக்க வேண்டும் (மீட்டருக்கு 0.0074 ஓம், அதே தூரத்துக்கு இழப்பு 85 வாட்).

இதையே உங்கள் வீட்டு சாக்கெட்டுகளைச் சோதிக்கப் பயன்படுத்தலாம். வாட் மீட்டரை ஒரு சாக்கெட்டில் மாட்டி, எதுவும் ஓடாதபோது வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தண்ணீர் நிரப்பிய கெட்டிலைப் போட்டு, அரை நிமிஷத்துக்குள் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறியுங்கள். இறங்கிய வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால், உங்கள் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற மொத்தப் பாதையின் தடை வந்துவிடும். சப்ளை வோல்ட் தானாகவே ஏறி இறங்கும் என்பதால் மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். இந்தத் தடையை ஓம் ரேஞ்சில் பிடிக்கவே முடியாது, மீட்டரின் சொந்த ஒயரிலேயே 0.2 ஓம் இருக்கும்.

அம்மா வீட்டில் செய்து பார்த்தோம். முன் அறை சாக்கெட்டில் 236-இலிருந்து 231.5-க்கு இறங்கியது, 8.9 ஆம்பியர், ஆக 0.5 ஓம். சமையலறை சாக்கெட்டில் 236-இலிருந்து 227-க்கு இறங்கியது, 8.7 ஆம்பியர், 1.03 ஓம். கூடுதலாக அரை ஓம். வீட்டுக்குள் ஓடுகிற 2.5 ஒயரில் அரை ஓம் வர வேண்டும் என்றால் 35 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், அந்த டெரஸ் வீட்டின் நீளமே அவ்வளவு கிடையாது. 8.7 × 8.7 × 0.53, அதாவது 40 வாட், சுவருக்குள் எங்கோ ஒரு புள்ளியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அம்மா தினமும் காலையில் கெட்டில் போடுகிற இடம்.

மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாக்கெட்டைக் கழற்றினேன். நியூட்ரல் ஒயரைப் பிடிக்கிற ஸ்குரூ தளர்ந்து, உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பாகிக் காய்ந்திருந்தது. கருகிய பகுதியை வெட்டி, புது சாக்கெட் போட்டு, இறுக்கி, மறுபடியும் அதே கெட்டிலை வைத்து அளந்தோம். இந்த முறை வகுத்தது அவள்தான்: 4.7 வோல்ட், 8.9 ஆம்பியர், 0.53 ஓம்.